சல்லடை பிடிக்கும் கைக்கு ஒரு நாள் கூலி

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தியின் கடைசிப் பத்தி அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். உரிமையாளர், மேலாளர், போர்மேன் மீது வழக்கு. முதலில் கைதாகிறவர் பெரும்பாலும் போர்மேன். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2024 மே 9 செங்கமலப்பட்டி என்று ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே வருகிறது. படிக்கும்போதெல்லாம் என்னை ஒரு கேள்வி விடாமல் பிடித்துக்கொள்ளும். யார் இந்தப் போர்மேன்? பட்டாசு மருந்தைப் பற்றி இவருக்கு யார், எங்கே, எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தார்கள்?

சாத்தூரில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் கேட்டேன். தன்னிடம் படித்த பெண் ஒருத்தியின் அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஆலையில் போர்மேன் என்றும், இருபது வருடத்துக்கு மேல் மருந்து கலந்தவர் என்றும் சொல்லி அழைத்துப் போனார். ஆலையின் பெயரையும் அவர் பெயரையும் எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் என்றே சொல்கிறேன்.

வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நுழைகிற இடத்தில் ஒரு செப்புத் தகடு. அதில் உள்ளங்கையை வைத்து உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கரிசல் காட்டில் இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்ன அறைகள், நாலாபக்கமும் கதவு. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. அறைக்கு வெளியே, மரத்தடியில், வராந்தாவில் வேலை செய்யக் கூடாது. விதி அப்படி. இந்த ஆலையில் நான் போன அன்று அப்படித்தான் இருந்தது.

மருந்து கலக்கும் நேரத்தில் யாரையும் பக்கத்தில் விட மாட்டார்கள். தூரத்து வேம்பின் நிழலில் நின்றுதான் பார்த்தேன். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலையை முடித்துவிடுகிறார்கள். திரி வைப்பது, குழாய் உருட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் பிறகு பார்த்தேன். என் மனசு மருந்து அறையை விட்டு நகரவில்லை.

கலவை முடிந்து, தரையைக் கழுவிவிட்ட பிறகு அண்ணன் சல்லடையை எடுத்துக் காட்டினார். மரச் சட்டம், பித்தளை வலை. இரும்பு ஆகாது, உரசினால் பொறி பறக்கும். நைட்ரேட் உப்புக்கு ஒன்று, அலுமினியப் பவுடருக்கு ஒன்று, கந்தகத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சல்லடை. ஒன்றின் சல்லடை இன்னொன்றுக்குப் போகக் கூடாது. தனித்தனியே சலித்த பிறகுதான் சேர்ப்பது. வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து, வலையில் ஒரு கம்பி அறுந்திருக்கிறதா என்று கண்ணாலும், பிறகு விரல் நுனியாலும் பார்த்தார். "கம்பித் துண்டு மருந்துல விழுந்தா அதுவே போதும் சார். ஒரு மண்ணு துணுக்கு போதும். உப்பு மூட்டைய அவுத்த உடனே நான் தேடுறது மண்ணைத்தான்." வேதியியல் அறிந்தவர்களிடம் பிறகு கேட்டேன். கலவையில் கரகரப்பான துகள் கலந்தால் உரசலுக்கு அது பற்றிக்கொள்ளும் வாய்ப்புப் பல மடங்கு கூடுகிறது என்றார்கள். அண்ணனின் விரலுக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது.

சலிக்கும்போது அவர் கை அசைவது வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பச்சைப் பிள்ளை கிடக்கும் தொட்டிலை ஆட்டுகிற கை மாதிரி ஒரே சீராகப் போய் வந்தது. வெறும் சல்லடையை வைத்துத்தான் காட்டினார். ஆனாலும் எனக்கு மூச்சு அடங்கியிருந்தது.

இந்தத் தொழிலில் அதிகம் பயப்படுவது நீத்துப்போன மருந்துக்கு. அலுமினியப் பவுடரும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள் வேதிமாற்றம் தொடங்கும். சூடு பிறக்கும், அமோனியா வரும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கூடிக்கொண்டே போய்ப் பற்றிவிடும். அதனால்தான் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பது. "பொறை கையை வச்சா இளஞ்சூடு தெரியும். அதுக்கும் முன்னாடி வாடை வந்துரும் சார், மாட்டுக் கொட்டத்து மூத்திர வாடை. அந்த வாடை வந்தா நான் யாரையும் கேக்க மாட்டேன், எல்லாரையும் வெளிய கூட்டிட்டு ஓடிருவேன்." புறங்கையைக் காட்டித்தான் இதைச் சொன்னார். உள்ளங்கை காய்த்துப்போனது, சூடு தெரியாதாம். கற்றுக்கொடுத்தது யார்? முதலில் வேலைக்குப் போன பட்டாசு ஆலையில் மருந்து கலந்துகொண்டிருந்த ஒரு மாமா. எழுத்தில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் கதையை நான் கேட்டு எழுதிக்கொண்டது அங்கேதான்.

சின்ன வயதில், விடிவதற்கு முன்னால் ஊருக்குள் வரும் தீப்பெட்டி ஆலை வண்டியில் அக்காவோடு போனவர். சட்டத்தில் குச்சி அடுக்குவது வேலை. 1987-ல் குழந்தைத் தொழிலாளர் குறித்த தேசியக் கொள்கை வந்து, அடுத்த ஆண்டே நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் ஒன்றாகச் சிவகாசியில் சிறப்புப் பள்ளிகள் தொடங்கின. வேலையை விட்டு வரும் பிள்ளைக்கு மதியச் சோறும் மாதம் நூறு ரூபாய் உதவித்தொகையும். அண்ணன் அந்தப் பள்ளியில் சேர்ந்தார். "அம்மாவுக்கு அந்த நூறு ரூவாதான் சமாதானம்" என்றார். எட்டாவது வரை படிப்பு. பிறகு வீட்டு நிலைமை. பதினெட்டு நிறைந்ததும் பட்டாசு ஆலை.

இப்போது அவருடைய மகள் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அப்பா அமோனியா வாடையைப் பற்றிச் சொன்னதும், அவள் நோட்டை எடுத்து அலுமினியம் நைட்ரேட்டை எப்படி ஒடுக்குகிறது என்று சமன்பாடு எழுதிக் காட்டினாள். கொஞ்சம் போரிக் அமிலம் சேர்த்தால் அந்த மாற்றம் தடைபடும் என்றாள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த வெள்ளைப் பொடி அதுக்குத்தானா? போடச் சொல்லுவாக, போடுவேன். ஒருநாள் தீந்துபோச்சுன்னா இல்லாமலே கலந்திருக்கோமே தாயி!"

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. மகள் மீதோ அவர் மீதோ அல்ல. இந்த மனிதர் ஆலையை விட்டு வெளியே வருவதற்கு அரசு ஒருமுறை நூறு ரூபாய் கொடுத்தது. அவர் மகள் ஆலைக்குள் போகாமல் இருப்பதற்கு இன்று ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. இரண்டும் நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை ஆகும் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். அதையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் நடுவில் இருக்கும் கால் நூற்றாண்டு? சல்லடை பிடித்து நின்ற அத்தனை காலத்தில், அந்த வேலையை இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ள அவருக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. பிள்ளை படிப்பதற்கு அப்பா சாக வேண்டியதில்லை, அப்பாவும் படிக்கலாம்.

கைவினைஞருக்குத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பர் 17-ல் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். பயிற்சி நாளுக்கு ஐந்நூறு ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்கப் பதினைந்தாயிரம். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை ஏற்க முடியாது என்று மறுத்த தமிழ்நாடு அரசு, 25 தொழில்களுக்கு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டுமே சொந்தமாகத் தொழில் செய்பவரை மனதில் வைத்தவை. இன்னொருவர் ஆலையில் கூலிக்குச் சல்லடை பிடிப்பவர் இரண்டிலும் வர மாட்டார். அவர் செய்வது கைவினை இல்லை, ஆலை வேலை என்று கணக்கு. மருந்து அறையைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சிவகாசியில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. போர்மேன்கள், மருந்து கலப்பவர்கள் அங்கே வகுப்புக்குப் போக வேண்டும். அண்ணனும் போயிருக்கிறார். தீயணைப்பு, எடை வரம்பு, என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்; நல்லாத்தான் சொன்னார்கள் என்றார். போன நாளுக்கு ஆலையில் கூலி இல்லை. துண்டு வேலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வகுப்பு என்றால் அன்றைய அடுப்பில் கை வைப்பது. அதனால் யாராவது ஒருவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் போதும் என்று ஆகிவிடுகிற ஆலைகளும் உண்டு.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்தது. இங்கே அதற்குப் பச்சை உப்பு என்று பெயர். சரவெடிக்கும் தடை. பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றானது. நாகபுரியில் இருக்கும் நீரி ஆய்வு நிறுவனம் புதிய கலவைகளை உருவாக்கியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட உற்பத்தியாளருக்குத்தான் அதன் விவரம். அண்ணனின் அறைக்கு வந்தது மூட்டையும் எடைச் சீட்டும். இருபது வருடமாக மூக்கும் கையும் பழகியிருந்த மருந்து ஒரே பருவத்தில் மாறிவிட்டது. "புதுசு எப்பிடிச் சுடும், எப்பிடி வாடை வரும்னு சொல்ல ஆளில்ல சார். பழைய மாமாவும் செத்துப்போயிட்டாரு."

அதற்கு மேல் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைப் பிரித்துப் பலருக்கு விட்டிருப்பார். அச்சங்குளம் ஆலை அப்படி விடப்பட்டிருந்தது விசாரணையில் வெளிவந்தது. குத்தகைக்கு எடுத்தவர் தீபாவளிக்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். அவர் கண்ணுக்கு அறை தெரியாது, பெட்டிக் கணக்குத்தான் தெரியும். நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுப் பேர். வேலை மரத்தடிக்கு வரும். முன்பணம் வாங்கியவர் மறுத்துப் பேச முடியாது. அந்தப் பக்கம் மொத்த வியாபாரி. பெட்டியில் ஒரு விலையை அச்சடித்து எண்பது சதவீதம் தள்ளுபடி என்று விளம்பரம் செய்து விற்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் போர்மேன் நிற்கிறார். வெடித்தால் அவருடைய பெயர்தான் முதல் தகவல் அறிக்கையில் ஏறுகிறது. பொறுப்பை மட்டும் அவர் தலையில் ஏற்றிவிட்டு, அந்தப் பொறுப்புக்கு வேண்டிய அறிவை அவருக்குக் கொடுக்காமல் இருப்பது அநியாயம். இதை வேறு எப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த ஊருக்கு இது புரியாத விஷயமும் அல்ல. மழை பொய்த்த 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ரயிலேறிக் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகவே மாதக்கணக்கில் அங்கே தங்கினார்கள். திரும்பி வந்து அவர்கள் தொடங்கியதிலிருந்துதான் இங்கே தீப்பெட்டி, அதிலிருந்து பட்டாசு, லேபிள் அச்சடிக்க வந்த அச்சகங்கள், எல்லாம். குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கிய ஊர், இரண்டு பேர் சில மாதம் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனதால் உண்டானது. அவர்களுக்குக் குடும்பம் பணம் கொடுத்தது. கூலிக்காரருக்குக் கொடுக்க யார்?

வெளிநாட்டில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில், தொழில் தெரிந்த ஒருவர் மேஸ்திரித் தகுதிக்குப் படிக்கப் போனால், அரசு மானியமும் கடனும் தர 1996-லிருந்து சட்டமே இருக்கிறது. இங்கிலாந்தில் 1990-ல் தொடங்கிய குயின் எலிசபெத் ஸ்காலர்ஷிப் டிரஸ்ட், கொல்லரோ நெசவாளரோ தன் வேலையில் அடுத்த படி ஏற நினைத்தால், எந்த ஆசானிடம் எவ்வளவு காலம் என்று கேட்டு உதவித்தொகை கொடுக்கிறது. அப்படிக் கேட்கிற ஒருவர் விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தால் போதும்.

இடம் இருக்கிறது. ஆனைக்குட்டத்தில் ஒன்றிய வெடிபொருள் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சிவகாசியிலேயே நீரியின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. வேதியியல் துறை உள்ள கல்லூரிகள் பஸ் தூரத்தில். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கென்றே நலவாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு அது உதவுகிறது. அதே வாரியம், பயிற்சிக்குப் போகும் தொழிலாளிக்கு அன்றைய கூலியை முழுசாகக் கொடுக்கலாம். அந்தப் பணத்தை ஆலைகளிடமிருந்து வசூலிக்கலாம். வேலை குறையும் தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களில் நடத்தலாம். சான்றிதழை ஆலையின் பெயரில் எழுதாமல் தொழிலாளியின் பெயரில் எழுத வேண்டும். அதைக் காட்டி அவர் எந்த ஆலையிலும் கூடுதல் கூலி கேட்க முடிய வேண்டும்.

படிக்கக் கூலி கொடுத்தால் எதைப் படிப்பீர்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். மருந்து ஏன் நீத்துப்போகிறது என்று முதலில். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஊதா" என்றார். வானத்தில் போய் விரியும் பேன்சி ரகத்தில் சிவப்பும் மஞ்சளும் சுலபமாம். நல்ல ஊதா மட்டும் வெளுத்துப்போகிறதாம். அவர் ஊதா என்பது நீலத்தை; அது செம்புச் சேர்மத்திலிருந்து வரும் நிறம். சுடர் கொஞ்சம் அதிகம் சூடானாலும் நிறம் தரும் பொருள் சிதைந்துவிடும். உலகமெங்கும் வாணவேடிக்கைக்காரர்கள் போராடுவது அதோடுதான். "செல்லுல ஜப்பான்காரன் விடுறதப் பாத்தேன் சார். அப்பிடி ஒரு ஊதா. அவனும் கையாலதான் செய்யிறான்."

யாரை அனுப்பச் சொன்னால் அனுப்புவீர்கள் என்றும் கேட்டேன். தன் பெயரைச் சொல்லவில்லை. மூன்றாம் நம்பர் அறையில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் ஒரு அக்காவைச் சொன்னார். தராசு வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவர் கைக்கு எடை பிசகாதாம். நான் பார்த்த மருந்து அறையில் ஆண்கள்தான் இருந்தார்கள். அடைக்கிற அறைகளில் பெரும்பாலும் பெண்கள். பெண் ஒருவர் போர்மேன் ஆனதாக அண்ணனுக்கு நினைவில்லை. "எழுதப் படிக்கத் தெரியும், பயம் இருக்கு, அவசரம் கெடையாது. இந்த மூணும் உள்ள ஆள் கெடைக்கிறது கஷ்டம் சார். அந்தக்காவுக்கு முப்பது நாள் கூலிய மட்டும் யாராவது குடுக்கச் சொல்லுங்க, மிச்சத்த நான் ஓனர்ட்ட பேசிக்கிருவேன்."