வாசிகசாலை வாங்கு

எங்கள் ஊர் வாசிகசாலைக்குக் கதவு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அரைச்சுவர், மேலே ஓடு, நடுவில் நீட்டு மேசை, இரண்டு பக்கமும் வாங்குகள். மாவிட்டபுரத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிற வழியில், ஒரு பூவரச மரத்தடியில் நின்றது. சீமெந்துத் தொழிற்சாலையின் தூள் அந்த இலைகளில் எப்போதும் படிந்திருக்கும். ஈழநாடு பத்திரிகை யாழ்ப்பாணத்திலிருந்து விடியவே வந்துவிடும். வீரகேசரி கொழும்பிலிருந்து வரவேண்டும். வந்ததும் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். நடுத்தாள் கையில் கிடைத்தவர் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

வாசித்து முடிய வாதம் தொடங்கும். தமிழரசுக்காரர் ஒருவர், இன்னும் சைக்கிள் சின்னத்தை விடாத பழைய தமிழ்க் காங்கிரஸ் வாத்தியார் ஒருவர், சிவப்புத் துண்டுப்பிரசுரங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கும் தொழிற்சங்கக்காரர் ஒருவர். மூன்று பேருடைய குரலும் இப்போதும் என் காதில் தனித்தனியாகக் கேட்கிறது. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஏற்க மறுத்து, எங்கள் தொகுதியின் உறுப்பினர் செல்வநாயகம் பதவியைத் துறந்தார். மக்கள் யார் பக்கம் என்று தேர்தல் வைத்துப் பாருங்கள் என்றார். அந்த இடைத்தேர்தலை அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில்தான் வைத்தது. எதிரே நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம். அந்த மாதங்களில் வாசிகசாலை மேசையில் விழுந்த அடிகளுக்கு மேசை உடையாமல் நின்றது அதிசயம். முடிவு வந்த அன்று தமிழரசுக்காரர் வெடி கொளுத்தினார். தொழிற்சங்கக்காரர் அன்றும் வந்து, தன் வழமையான இடத்தில் இருந்து, தோற்ற காரணத்தை ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். கேட்டார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.

எல்லோரும் என்று எழுதுகிறேன். அது உண்மையில்லை. சாதியைக் காட்டி அந்த வாங்கில் இருக்க விடப்படாத சனம் எங்கள் ஊரிலேயே இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே விடுங்கள் என்று அந்தச் சனம் சத்தியாக்கிரகம் இருந்தபோது, மறித்து நின்றவர்களில் படித்த பெரிய மனிதர்களும் இருந்தார்கள். நான் அப்போது குழந்தை. ஆனால் பிறகும் பல வருடம், நடுத்தாள் சத்தமாக வாசிக்கப்படும்போது சுவருக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். எங்கள் உரிமை பற்றிய செய்தியை அவர்கள் வெளியில் நின்று கேட்டார்கள். ஊரை நினைக்கும்போது இதை விட்டுவிட்டு நினைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த வாங்கின் பெறுமதி என்னவென்று இவ்வளவு தூரத்தில் இருந்து யோசிக்கும்போது ஒன்றுதான் தெரிகிறது. அதில் இருந்து வாதாடியவர்கள், முடிவு எதுவோ அதைத் தங்கள் தலையில் தாங்க வேண்டியவர்கள். பஸ் ஓடாவிட்டால் அவர்களுக்கு ஓடாது. அடி விழுந்தால் அவர்களுக்கு விழும். அதனால் வார்த்தையை அளந்துதான் விட்டார்கள்.

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் வென்றது. எங்கள் தொகுதியில் வென்ற அமிர்தலிங்கம் நாட்டின் எதிர்க்கட்சித் தலைவரானார். நான்கு வருடத்தில், 1981 மாவட்ட சபைத் தேர்தலை ஒட்டிய நாட்களில், யாழ்ப்பாணத்தில் பொலிஸார் வெறியாட்டம் ஆடினார்கள். ஈழநாடு அலுவலகம் எரிந்தது. பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தது. அந்தக் கிழமை எங்கள் மேசையில் ஈழநாடு இல்லை. காங்கிரஸ் வாத்தியார் வெறும் மேசைக்கு முன்னால் வந்திருந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டம்தான். 1983 ஆடி எங்களுடைய பேச்சில் பாதியை அர்த்தமற்றதாக்கியது. மற்றப் பாதியை எங்களுடைய துவக்குகளே வாங்கிக்கொண்டன. 1986இல் ஒரு இயக்கம் இன்னொரு இயக்கத்தைத் தெருத் தெருவாகக் கொன்று அழித்தபோது வாசிகசாலையில் யாரும் எதுவும் கதைக்கவில்லை. பத்திரிகையைத் தங்களுக்குள் வாசித்துவிட்டு மடித்து வைத்தார்கள். 1989 ஆடியில் அமிர்தலிங்கம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம் புரட்டாதியில் யாழ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகமவும். வாங்கு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், வாதம் மட்டும் இல்லாமல் போனது. அரசு எங்களுக்குச் செய்ததை உலகம் முழுக்கச் சொல்லி அழுகிற நாங்கள், இதை ஒருவருக்கொருவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

1990 ஆனியில் வலிகாமம் வடக்கு முழுதும் இடம்பெயர்ந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. நான் அதற்கு முன்னமே கனடா வந்துவிட்டேன். அம்மாவும் அக்காவும் இணுவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தார்கள். கரண்ட் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பூட்டி, இரவில் பிபிசி தமிழோசை கேட்பார்களாம். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும் என்று அக்கா எழுதியிருந்தா. அந்தக் கடிதம் என் கைக்கு வர மாதக்கணக்கானது. ஸ்காபரோவில் சூடான அறையில் இருந்து அதை வாசித்த நாளிலிருந்து, ஊர்ச் செய்தியைக் கேட்காமல் ஒரு நாளைத் தொடங்க என்னால் முடியவில்லை.

இங்கேயும் ஒரு வாங்கு கிடைக்கும் என்றுதான் நம்பினேன். கடைகளில் தமிழ்ப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. ஆனால் மாற்றுக் கருத்து எழுதிய பத்திரிகையாளர் ஒருவர் 1993இல் டொராண்டோவிலேயே தாக்கப்பட்டார். துரோகி என்ற சொல் கடலைத் தாண்டி எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. 2009 மே 10ஆம் திகதி, ஆயிரக்கணக்கானோர் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்தபோது நானும் பிள்ளைகளோடு போனேன். முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யார், எந்தக் கட்சி, எந்த இயக்கம் என்று அன்று யாரும் பார்க்கவில்லை. அந்த இரவில் நாங்கள் ஒன்றாக அழுதோம். ஒன்றாக அழத் தெரிந்த எங்களுக்கு ஒன்றாக இருந்து கதைக்கத் தெரியாமல் போனதுதான் அதற்குப் பிந்திய வருடங்களின் கதை.

ஊரில் ஒரு பகுதியை இராணுவம் விட்டிருக்கிறது. போய்ப் பார்த்தேன். வாசிகசாலை நின்ற இடத்தில் அத்திவாரக் கல் மட்டும் பற்றைக்குள் தெரிந்தது.

இப்போது நான் வாதாடுவது அக்காவின் மகனோடு. 1996இல் இராணுவச் சோதனைச் சாவடியில் அத்தானைப் பிடித்துக்கொண்டு போனபோது அவன் கைக்குழந்தை. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் அப்படிக் காணாமல் ஆக்கப்பட்டோர் நூற்றுக்கணக்கானோர். அந்தப் பிள்ளை 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டான். யாழ் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அந்தக் கட்சிக்குப் போனது. நான் கொதித்துப்போய் அவனுக்குப் போன் எடுத்தேன். 2018இல் காலம் முடிந்த மாகாணசபைக்கு இன்னும் தேர்தல் இல்லை, காணி முழுதும் விடவில்லை, தெற்கத்திக் கட்சிக்கு எப்படியடா போட்டாய்?

“மாமா, 2022இல பெற்றோலுக்கு ரெண்டு நாள் வரிசையில நிண்டது நான். இழுவைப் படகு வந்து வலையை அறுத்தா அழுகிறது என்ர சிநேகிதன். நீங்கள் சொல்லுறது பிழையெண்டு சொல்லேல்ல. ஆனா நாங்கள்தானே இங்க இருக்கிறம்.”

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் அவன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டானாம். ஏனென்று கேட்டேன். நின்ற ஆள் ஒழுங்கைக்குள் வந்து வெள்ள வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போனாராம். எனக்குக் கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது. மனம் மாற்றலாம், மாற்றினதைச் சொல்லலாம், அதற்காக யாரும் அவனைத் தேடி வரப்போவதில்லை. எங்கள் தொழிற்சங்கக்காரருக்கு இருந்த அந்தச் சுதந்திரம் அவனிடம் கொஞ்சமாவது திரும்பியிருக்கிறது. அது நிலைக்குமா என்பதுதான் என் கவலை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்ற சட்டங்கள் இருக்கும்வரை அந்தக் கவலை போகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வாதமில்லை. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கிண்டக் கிண்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு சிறுபிள்ளையின் எச்சத்தோடு நீலப் புத்தகப் பை வந்தது. ஆவணியில் உடுப்புகளையும் பொருட்களையும் சனத்துக்குக் காட்டினார்கள். அவன்தான் அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். அத்தானின் சறமும் கோடு போட்ட சேட்டும் என்ன நிறம் என்று அக்காவுக்கு இன்றும் தெரியும். அங்கே அது இல்லை.

“அம்மா இரத்தம் குடுக்க ஆயத்தமாம். நானும் குடுப்பன். எங்க குடுக்கிறதெண்டு ஆரைக் கேக்கிறது? உங்கட எம்.பியிட்ட இதைக் கேட்டுப் பாருங்கோ மாமா.”

கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். உறவினரின் மரபணுவை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அகழ்வை வெளிநாட்டு நிபுணர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், இரண்டுக்கும் கனடா என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறேன். அனுப்புமுன் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னான். திருத்திவிட்டேன்.