ஆனந்தவனம் கண்டோம்

தில்லித் தமிழர்களாகிய நாம் விடுமுறைதோறும் ஊர் சென்று திரும்புகையில் கடந்துபோகும் நிலையங்களுள் வரோராவும் ஒன்று. சந்திரபூருக்கும் ஹிங்கண்காட்டுக்கும் இடையே உள்ள அச்சிற்றூரை நம்மில் பலர் உறக்கத்திலேயே தாண்டிவிடுவோம். இம்முறை நாம் அங்கே இறங்கினோம். ஆனந்தவனத்தைக் காணவேண்டும் என்பது நம் நெடுநாள் அவா.

தொழுநோயால் வீடிழந்தோர்க்கென எழுந்த குடியிருப்பு அது. அமைத்தவர் பாபா ஆம்டே. 1914-ல் செல்வக் குடும்பத்தில் பிறந்து, வரோராவில் வக்கீல் தொழில் நடத்தியவர். ஒருநாள் மழையில் தெருவோரம் கிடந்த தொழுநோயாளி ஒருவரைக் கண்டு அஞ்சி விலகினார். அந்த அச்சமே அவரை உறுத்தியது. திரும்பிச் சென்று அவருக்குப் பணிவிடை செய்தார். பின்பு கல்கத்தா சென்று தொழுநோய் மருத்துவமும் பயின்றார். மனைவி சாதனா, இரு சிறு புதல்வர், ஆறு நோயாளிகள், ஒரு நொண்டிப் பசு, கையில் 14 ரூபாய் ஆகியவற்றோடு கல்லும் முள்ளுமான 50 ஏக்கர் நிலத்தில் குடியேறினார். 1951-ல் வினோபா பாவே அதனைத் தொடங்கி வைத்தார்.

இன்று அங்கே வயலும் நிழல்மரங்களும் செழித்துள்ளன. விரல் மடங்கிய கைகள் தறி நெய்கின்றன. பொது அடுக்களையில் சமையல் நடக்கிறது. பார்வையற்றோர்க்கும் செவிப்புலன் அற்றோர்க்கும் பள்ளிகள் உள்ளன. நோயுற்றோர் தமக்குள் மணம் செய்து இல்லறமும் நடத்துகின்றனர். தொடக்கத்தில் இவர்கள் விளைவித்ததை வாங்கத் தயங்கிய சுற்றுப்புறத்தார், பிற்காலத்தில் தம் மக்களை இந்நிறுவனத்தின் கல்லூரிக்கே அனுப்பலாயினர்.

தொழுநோய் தீரக்கூடியதாயிற்றே, தனிக் குடியிருப்பு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மையே. 1980-களில் வந்த கூட்டு மருந்து 6 அல்லது 12 மாதத்தில் நோயை மாற்றுகிறது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கிறது. மருந்து தொடங்கிய சின்னாட்களிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மை நீங்கிவிடும். ஆயினும் காலந்தாழ்த்தி வந்தவர்க்கு மரத்துப்போன பாதம் மரத்ததே. அதில் புண் மீண்டும் மீண்டும் தோன்றும். ஆயுள் முழுதும் கவனிப்பு வேண்டும். கையிலோ காசில்லை, உறவினர் சேர்ப்பதில்லை, வாடகைக்கு வீடு கொடுப்பாரும் இல்லை. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. இந்நோயை மணவிலக்குக்குக் காரணமாக்கிய விதியோ 2019 வரை நிலைத்திருந்தது. நோயைவிட நெடுங்காலம் வாழ்வது நம் அச்சமே.

இதற்கு ஆனந்தவனம் கண்ட மருந்து, வீட்டையும் வேலையையும் ஒருங்கே தருவது. வெறும் பிச்சை மனிதனைத் தாழ்த்தும், உழைப்பே நிமிர்த்தும் என்பது ஆம்டேயின் கொள்கை. உழைக்க இயலாத முதியோர்க்கும் அங்கே இடமுண்டு. 2008-ல் அவரும் அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அயலூரில் வீடு தேடி அலைந்த அனுபவம் நமக்கும் உண்டு. பேசும் மொழியையும் உண்ணும் உணவையும் கேட்டுக் கதவடைத்தவர்களை நாம் மறக்கவில்லை. அவ்வாறாயின், உடம்பைப் பார்த்துக் கதவடைக்கப்பட்டோரின் துயரை நாமன்றோ முதலில் உணரவேண்டும்? தோலில் உணர்வற்ற தேமல் கண்டால் மறைக்காது மருத்துவரிடம் செல்வோம். நம் வீட்டுப் பணியாளருக்கும் அதனைச் சொல்வோம். தில்லியிலேயே தாஹிர்பூரில் தொழுநோயர் குடியிருப்பு இருக்கிறது. வரோரா வரை செல்ல இயலாதவர்க்கு அது தொலைவன்று.