ஒரே ஒரு தோட்டா

துப்பாக்கிக்கும் நமக்கும் ஏழாம் பொருத்தம். கொட்டிவாக்கம் கடற்கரைப் பலூன் கடையில் நாம் சுட்ட குண்டுகளெல்லாம் சமுத்திர ராஜனுக்கே காணிக்கை. ஆயினும் துப்பாக்கி செய்யும் வித்தையைப் பற்றிப் படிப்பதில் நமக்கு அலாதிப் பிரியம்.

ஆஸ்திரேலிய மாணவர் படைக்காக, 1910-ஐ ஒட்டி இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'மார்ட்டினி கேடட்' துப்பாக்கியில் ஒரு சமயத்தில் ஒரே தோட்டாதான் கொள்ளும். பிற்காலத்தில் கைதேர்ந்த தொழிலாளர் பலர் அதன் குழலைக் கழற்றிவிட்டுச் சன்னமான புதுக் குழல் பொருத்தினார்கள். தோட்டாவின் பித்தளைக் கூட்டையும் கழுத்தை நெரித்துச் சிறிதாக்கினார்கள். எந்தத் தொழிற்சாலைப் பட்டியலிலும் இல்லாத இத்தகைய தோட்டாவுக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'காட்டுப் பூனை'! 1930-இல் கடைக்கு வந்த '.22 ஹார்னெட்', அதாவது குளவி, இப்படிப்பட்ட பரிசோதனையில் பிறந்ததுதான்.

நம் நாட்டுக் கொல்லருக்கு மட்டும் கைத்திறன் குறைவா? 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் உரிமமின்றி ஆயுதம் செய்வதைத் தடுத்தது. வைத்திருக்கவும் உரிமம் கேட்டது. வெள்ளையருக்கோ விலக்கு இருந்தது! விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குவது பிரஜையின் உரிமை என்று 1931-இல் கராச்சி காங்கிரஸ் தீர்மானித்தது. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் வருஷத்துச் சட்டமும் உரிமம் கேட்கிறது. ஆனால் வெள்ளையர், இந்தியர் என்று பேதம் பார்ப்பதில்லை. அதை நாம் மனமார வரவேற்கிறோம். நிறம் பார்த்து வந்த தடை வேறு; உயிரைக் காக்க வந்த கட்டுப்பாடு வேறு அல்லவா?