கடலோரத்தார் வாய்மொழி

1989-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை, நள்ளிரவு கழிந்த சில நிமிடங்களில், 'எக்ஸான் வால்டீஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்கா மாநிலத்தின் பிரின்ஸ் வில்லியம் உட்கடலிற் பாறைத்திட்டில் மோதிற்று. ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் காலன் கச்சா எண்ணெய் கடலிற் கலந்தது. சுமார் 1,300 மைல் கரை மாசுற்றது; இரண்டரை லட்சம் கடற்பறவைகள் மாண்டன என்பது மதிப்பீடு. அறிக்கைகளில் யாம் முதற்கண் காண்பது இவ்வெண்களையே.

ஆனால் செனீகா என்னும் சிற்றூரை நோக்குங்கள். 1964-ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று நிலநடுக்கம் எழுப்பிய பேரலை அவ்வூரை வாரிச் சென்றது. மூன்றிலொரு பங்கினர் மாண்டனர். எஞ்சியோர் இருபதாண்டு சிதறி வாழ்ந்து, 1984-இல் ஈவன்ஸ் தீவில் ஊரைப் புதிதாய்க் கட்டினர். அதன்பின் ஐந்தே ஆண்டில், மற்றுமொரு பெரிய வெள்ளியில், இவ்விபத்து நேர்ந்தது. எண்ணெய் அவர்தம் கடலைச் சூழ்ந்தது. அந்நாளை ஆலயத்தில் ஆசரித்து வளர்ந்த எனக்கு இச்செய்தியைக் கடந்து மேலே வாசிக்க நெடுநேரம் மனம் வரவில்லை. இவ்விரு வெள்ளிகளையும் ஒரே வாழ்நாளிற் கண்டவர் வாய்திறந்து கூறினாலன்றிக் காலன் கணக்கு இதனை எங்ஙனம் உணர்த்தும்?

போர்ட் கிரகாம் ஊர்த்தலைவர் வால்ட்டர் மெகனாக் அவ்வாண்டில் அமைத்த உரை, 'நீர் இறந்த நாள்' என்னும் பெயரால் வழங்குகின்றது. நீர் மாசுற்றது என்பது அறிஞர் வழக்கு. இறந்தது என்பது அந்நீரால் உண்டு வாழ்ந்தவர் வழக்கு. அணியிலக்கணம் பயில்வோர் இதனை உயர்வு நவிற்சி என்னக்கூடும். யான் தன்மை நவிற்சி என்றே கொள்வேன்.

நினைவு பிழைபடுமே என்று எம் வகுப்பு நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். படும், ஐயமில்லை. 1993-இல் ஹெர்ரிங் மீன்வளம் குலைந்தது. எண்ணெயே காரணம் என்பர் மீனவர் பலர். நோய் முதலிய பிறவற்றையும் கூறுவர் அறிஞர். எனினும், அப்பருவத்தில் வெறும் வலையோடு மீண்டவன் வீட்டில் யாது நிகழ்ந்தது என்பதற்கு அவனையன்றி வேறு சான்று யார்?

அலாஸ்காப் பல்கலைக்கழகத்தார் 'புராஜெக்ட் ஜூக்பாக்ஸ்' என்னும் தம் முயற்சியால் இத்தகையோர் பேச்சை ஒலியாகவே காத்துவருகின்றனர். சொல் தேடி அவர் தயங்கும் இடைவெளிகளை எந்த அச்சகமும் அச்சிடாது. செவியே அவற்றை அறியும். ஷாரன் புஷெல், ஸ்டான் ஜோன்ஸ் இருவரும் தொகுத்த வாய்மொழி நூலொன்றும் 2009-இல் வெளிவந்தது. கப்பற்றலைவர் ஜோசப் ஹேசல்வுட் தாமே அதிற் பேசி, அலாஸ்கா மக்களிடம் மன்னிப்பு வேண்டுகின்றார். இழந்தாரையும் அவரையும் ஒரே அட்டைக்குள் வைத்த துணிவு எனக்கு மிகவும் உவப்பாயிற்று.

காலம் பொறுப்பதில்லை. 1994-இல் ஜூரர் விதித்த 500 கோடி டாலர் தண்டத்தொகையை, 2008-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏறத்தாழ 50 கோடியாகக் குறைத்தது. அத்தீர்ப்பு வருமுன்னரே வழக்காடியோருட் பலர் இறந்தனர். அவருள் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமராதவர் கூற்று அவரோடே போயிற்று.