ஒரே கூடையில்

உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் நெடுங்காலமாக உண்டு. பிடியரிசி என்று அதனை அழைத்தோம். மாத முடிவில் அது கோயிலுக்கோ ஏழை ஒருவரின் வீட்டிற்கோ போய்ச் சேரும். உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது வேறு; உண்ணுமுன்னரே பிறர்க்குரியதைப் பிரித்து வைப்பது வேறு. பிடியரிசி இரண்டாம் வகையைச் சார்ந்தது.

யூத மக்களிடையேயும் இதற்கு இணையான வழக்கம் உண்டு. பிசைந்த மாவின் முதற்பகுதியை ஆண்டவருக்கென ஒதுக்குமாறு எண்ணிக்கை நூலின் 15ஆம் அதிகாரம் பணிக்கிறது. அப்பகுதிக்கு 'ஹல்லா' என்று பெயர். பின்னாளில், ஓய்வுநாளுக்கெனச் சடைபோல் பின்னிச் சுடும் முட்டை ரொட்டிக்கே அப்பெயர் வழங்கலாயிற்று. அப்பகுதி அன்று குருக்களின் உணவாயிற்று. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தது. குருக்கள் அதை உண்ணும் முறையும் அற்றுப்போயிற்று. ஆயினும் யூதப் பெண்கள் இன்றும் சிறு உருண்டை மாவைக் கிள்ளி எடுத்து நெருப்பிலிடுகின்றனர். வாங்குவார் இல்லாத காலத்திலும் கொடுக்கும் கை ஓயவில்லை.

குருமடத்தில் பாடமாகப் படித்த இச்செய்தி, திண்டிவனத்தில் ஒரு சமையலறையில்தான் எனக்கு உயிர்பெற்றது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே தனியே வாழ்கிறார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள், தாய்க்கு ரொட்டி இயந்திரம் ஒன்றை விட்டுச் சென்றிருந்தார். அண்டை வீட்டு யூதப் பெண்மணியிடம் தாம் கற்ற ஹல்லாவின் செய்முறையையும் எழுதி வைத்திருந்தார். வீடு சந்திக்கச் சென்ற நான் அதைப் பார்க்க அமர்ந்துவிட்டேன்.

அரைக் கிலோ மைதா, இரண்டு முட்டை, கால் கிண்ணம் எண்ணெய், அதே அளவு சர்க்கரை, ஒரு முக்கால் கிண்ணம் நீர், இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட், மரக்காணத்து உப்பு சிறிது. பாலும் வெண்ணெயும் கிடையா. ஓய்வுநாள் விருந்தில் இறைச்சி இருக்கும். இறைச்சியோடு பாற்பொருளை யூதர் சேர்ப்பதில்லை.

இயந்திரம் பிசைந்தது. அதற்கும் ஒரு கை கற்பித்திருக்கிறது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வீட்டு ரொட்டி இயந்திரத்திற்கு முதலில் பிசையும் பக்குவம் பிடிபடவில்லை. இக்குகோ தனக்கா என்னும் மென்பொருள் வல்லுநர், ஒசாக்கா நகர விடுதி ஒன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் சென்று, மாவை இழுத்து முறுக்கும் கைவாகைக் கற்றுவந்த பின்னரே வழி பிறந்தது. ஆனால் பின்னல் போட அந்த இயந்திரம் அறியாது. ஒன்றரை மணி நேரத்தில் பொங்கிய மாவை ஆசிரியை வெளியே எடுத்தார். மூன்று வடமாக உருட்டி, மகளுக்கு அந்நாளில் சடை பின்னிய அதே விரல்களால் பின்னினார். மீண்டும் பொங்கவிட்டு, மேலே முட்டை தடவி, ஓவனில் வைத்தார். அரை மணியில் பொன்னிறமாயிற்று.

அப்போது அவர் கேட்டார்: "சாமி, முதல் உருண்டையை எடுத்து வைக்கணும்னு எழுதியிருக்கா. இவ்வளவு கொஞ்சம் மாவுக்கு வேண்டாம்னும் எழுதியிருக்கா. அது ஏன்?"

அதற்கு ஓர் அளவு உண்டு என்றேன். பாலைநிலத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த மன்னா எவ்வளவோ, அந்த ஓமேர் அளவு மாவு இருந்தால்தான் ஹல்லா எடுப்பது கடமை. இக்கால அளவில் அதைக் கணிப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஏறத்தாழ 1.2 கிலோவுக்குக் குறைந்தால் எடுப்பதில்லை. இயந்திரமோ அரைக் கிலோதான் பிசைகிறது.

"எனக்கும் அப்படித்தான் சாமி. ஆறு பேருக்கு உலை வெச்சப்போ பிடியரிசி எடுத்தேன். இப்போ ஒருத்திக்கு அரை டம்ளர். அதுல எதை எடுக்கிறது?"

அவருடைய கேள்வி ரொட்டியைப் பற்றியதன்று. தன் வாழ்வே அளவுக்குக் குறைந்துவிட்டது. தன்னிடம் இறைவனும் எதையும் கேட்பதில்லை என்னும் துயரம் அதில் இருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் பூட்டிய கதவுக்குள் என்றிருக்கும் எத்தனையோ இல்லங்களில் இத்துயரைக் கண்டிருக்கிறேன்.

யூதரின் மிஷ்னா நூல் இதற்கும் வழி சொல்கிறது. தனித்தனியே அளவு குறைந்த ரொட்டிகளை ஒரே கூடையில் இட்டால், கூடை அவற்றை ஒன்றாக்கிவிடும். அப்போது ஹல்லா எடுக்கும் கடமை பிறக்கிறது. இரு வேறு வீட்டாரின் மாவு மட்டும் பொதுவாக அவ்வாறு சேர்வதில்லை. 'இது என்னுடையது, அது உன்னுடையது' என்று மனிதர் கணக்குப் பார்ப்பர் என்பதே காரணம். கணக்குப் பாராதவர்களாயின் அதுவும் சேரும் என்பது யூதச் சட்ட அறிஞர் முடிவு. சேர்வதும் சேராததும் மாவில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

விழுப்புரம் பகுதியில் முன்பு நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், அன்பியக் கூட்டத்திற்கு வரும் அரிசியை அளந்து, பெயரோடு படிப்பார்கள். குறைவாகக் கொண்டுவந்தவர்கள் மெல்ல மெல்ல வராமல் நின்றுவிட்டனர். பெண்களே ஒரு தீர்வு கண்டனர். வாசலில் ஒரு மூங்கில் கூடை, வருவோர் அதில் கொட்டிவிட்டு உள்ளே வரலாம், எழுதுவார் இல்லை. நின்றவர்கள் திரும்பி வந்தனர். இதை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் தெருவிலேயே தனித்து உலை வைக்கும் முதியோர் நால்வர் இருக்கின்றனர். இப்போது அந்த ஐந்து வீட்டு அரிசியும் ஒரே கலயத்தில் விழுகிறது.

யூதர்களின் வழிபாட்டு முறையை நாம் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. அது அவர்களுக்கே உரியது. நம் மூத்த சகோதரர்கள் என்று 1986இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உரோமைத் தொழுகைக்கூடத்தில் அவர்களைக் குறிப்பிட்டார். மூத்தவர்களிடம் கற்றுக்கொள்வது இளையவர்க்கு அழகு.

ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம் பலராயினும் ஓருடல் என்று பவுலடியார் போதித்ததை ஞாயிறுதோறும் பீடத்தில் நினைவுகூர்கிறோம். அன்புக்குரியவர்களே, உங்கள் தெருவில் அரை டம்ளர் அரிசி வேகும் வீடு எது என்று அறிவீர்களா? அந்த வீட்டாரிடமும் கூடையை நீட்டுங்கள். அவர்களுக்குக் கொடுப்பதற்காக மட்டுமன்று, அவர்கள் கொடுப்பதற்காகவும்.