உம்மா வைத்த கற்றாழை

கீழக்கரையில் எங்கள் வீட்டு முற்றத்தில், கிணற்றடி ஓரமாக, வாய் உடைந்த பானை ஒன்றில் சோற்றுக்கற்றாழை வளர்ந்திருந்தது. அதற்கென்று எவரும் தண்ணீர் ஊற்றியதாக எனக்கு நினைவில்லை. பாத்திரம் கழுவும் நீர் தெறித்தால் உண்டு, இல்லையேல் இல்லை. அடுப்பில் கை சுட்டுவிட்டால் உம்மா அதில் ஒரு மடலை அறுப்பார்கள். அறுத்த வாயில் கசியும் மஞ்சள் நிறப் பால் முழுவதும் வடியும்வரை சாய்த்து வைத்து, கழுவிய பின்னரே உள்ளிருக்கும் சோற்றை எடுப்பார்கள். அந்தப் பாலை இறுகக் காய்ச்சினால் கிடைக்கும் கரும்பொருளைத்தான் நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் என்று கேட்டு வாங்குகிறோம். சுளுக்குக்கு மூசாம்பரப் பற்றுப் போடாத வீடு எங்கள் தெருவில் இருந்ததில்லை.

மூசாம்பரம் என்னும் சொல்லே அரபு வழி வந்ததுதான். அரபு மொழியில் கற்றாழைக்கும் அதன் கசப்புச் சாற்றுக்கும் 'ஸபிர்' என்று பெயர். பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்ததாகும். செடியின் தாயகமும் அரேபியத் தீபகற்பமே என்பது தாவரவியலார் கருத்து. கெய்ரோ நகரத்தார் புதுவீட்டு வாசலில் கற்றாழையைக் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை, அங்கு வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன் 1836இல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். மண்ணும் நீரும் இன்றி அது சில ஆண்டுகள் உயிரோடிருக்கும், பூக்கவும் செய்யும் என்கிறார் அவர். நம் ஊர்க் கடை வாசல்களில் தலைகீழாகத் தொங்கும் கற்றாழையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இராது.

இவையெல்லாம் நான் பின்னாளில் படித்து அறிந்தவை. படித்ததனால் பொறுமை வந்ததா என்று கேட்டால், இல்லை.

2011இல் உம்மா மவுத்தானார்கள். மறு ஆண்டு வீடு பங்கு பிரிந்தது. முற்றத்தை ஒட்டிய ஓர் அறையைப் பற்றிக் காக்காவுக்கும் எனக்கும் வார்த்தை தடித்தது. நியாயம் எவர் பக்கம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என் பக்கம் என்றுதான் எழுதுவேன். ராத்தா நடுவில் நின்று அழுதார். அறை காக்காவுக்குப் போயிற்று. அந்தக் கோபத்தில் நான் உம்மாவின் தொட்டிகளில் நான்கைச் சென்னைக்குத் தூக்கி வந்துவிட்டேன்: கற்றாழை இரண்டு, ரணகள்ளி ஒன்று, அன்னாசி ஒன்று.

சென்னையில் நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடியில். மண்சட்டிகள் அங்கே எடுப்பாக இல்லை என்று பிளாஸ்டிக் தொட்டிகளுக்கு மாற்றினேன்; தரை நனையாதிருக்க அடியில் தட்டும் வைத்தேன். உம்மாவின் செடிகளாயிற்றே என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். கற்றாழை மடல்கள் முதலில் பருத்துப் பளபளத்தன. ஐப்பசி மழை பிடித்ததும் அடிப்புறம் பழுப்பேறி, தொட்ட இடம் கூழாகச் சரிந்தது. பதறிப்போய், நலமாக இருந்த ஒரு மடலை வெட்டி உடனே ஈரமண்ணில் ஊன்றினேன். கற்றாழையின் வெறும் மடல் வேர்விடுவது அரிது. கன்றைத்தான் பிரித்து நடவேண்டும். அதுகூடத் தெரியாமல் இத்தனை காலம் அந்த முற்றத்தில் வளர்ந்திருக்கிறேன். பத்தே நாளில் மடலும் அழுகிற்று. அன்னாசியும் குருத்து அழுகிப் போயிற்று. ரணகள்ளி மட்டும் எனக்குத் தப்பியது.

ரணகள்ளியைக் கொல்வது எளிதன்று. அதன் இலை விளிம்பில் உள்ள ஒவ்வொரு குழிவிலும் ஒரு செடி உறங்குகிறது. பள்ளிப் பருவத்தில் அந்த இலையைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, குட்டி போட்டிருக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்தவர்கள் வாசகர்களில் பலர் இருப்பர். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்னும் தாவரவியலாளர் இந்த இலையைச் சுவைத்துப் பார்த்து, காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் கசக்கிறது என்று லண்டனுக்கு எழுதினார். 1815இல் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று. அந்தப் புளிப்பின் காரணம் பின்னர் விளங்கிற்று. இவ்வகைச் செடிகள் பகல் வெப்பத்தில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து கரியமிலக் காற்றை உள்வாங்கிப் புளிப்பாகச் சேமிக்கின்றன. மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு உணவு சமைக்கின்றன. கற்றாழையும் அன்னாசியும் இதே வழியினவே. உடலிலிருந்து நீரே வெளியேறாத நேரத்தில் வேருக்குக் குடம் குடமாக ஊற்றினால், மண்ணில் காற்றுக்கு இடமின்றி வேர் மூச்சடைத்துச் சாகும். நோன்பாளியின் வாயில் வலிந்து தண்ணீர் புகட்டிய கதைதான் என் கதை.

செடிகள் பட்டுப்போனதை நான் ஊரில் எவரிடமும் சொல்லவில்லை. காக்காவோடு பேச்சே இல்லாதிருந்ததால் சொல்லவேண்டிய தேவையும் எழவில்லை. 2016இல் ராத்தா சென்னை வந்தபோது, வந்ததும் வராததுமாக, "உம்மா கற்றாழை எங்கே தம்பி?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். "காக்காகிட்டே கேளு. பானை நிறையக் கன்று கிடக்கு" என்றார், அது ஏதோ அடுத்த வீட்டுக் காரியம் போல.

கேட்பதற்கு எனக்கு இரண்டு மாதமாயிற்று. தொலைபேசியில் நா எழாது என்று தெரிந்து அஞ்சலட்டை எழுதினேன். உம்மாவின் கற்றாழையில் ஒரு கன்று வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் வாரம், ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனான். மண் உதிர்த்த கற்றாழைக் கன்றுகள் ஏழு, அன்னாசியின் பக்கக் கன்று ஒன்று, எல்லாம் செய்தித்தாளில் சுற்றியிருந்தன. கடிதம் இல்லை. செய்தித்தாளின் ஓரத்தில் மட்டும் காக்காவின் கையெழுத்து: "உடனே நடாதே. வெட்டுவாய் காயட்டும். நட்ட பின்னும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம்." நான்கு ஆண்டுகளில் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகள் அவையே. அந்தத் தாளைக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

சொன்னபடி செய்தேன். நிழலில் ஆறு நாள் கிடந்ததும், கன்று தாயோடு ஒட்டியிருந்த இடம் காய்ந்து தோல் கட்டிற்று. அந்தத் தோல்தான் மண்ணிலுள்ள பூஞ்சையை உள்ளே விடாத கதவு. மீண்டும் மண்சட்டி வாங்கி, அடித்துளையின் மேல் ஓட்டுச்சில்லு வைத்து, தோட்டமண்ணும் பருமணலும் சரிபாதி கலந்து, சிறிது செங்கல் துண்டும் இட்டு நட்டேன். தண்ணீர் ஊற்றாமல் ஒரு வாரம் இருப்பது ஊற்றுவதைவிடக் கடினமாக இருந்தது. அதன் பிறகும் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே ஊற்றுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை படாத உட்பக்கத்துக்கு நகர்த்திவிடுகிறேன். ஏழில் ஆறு பிழைத்தன.

துணிவு வந்து, அன்னாசி இனத்திலேயே பூவுக்காக வளர்க்கும் புரோமீலியாட் செடி ஒன்றையும் நர்சரியில் வாங்கினேன். இக்குடும்பத்தின் ஏறக்குறைய எல்லாச் செடிகளும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒன்றே ஒன்று உண்டு. நான் வாங்கியது, இலைகள் நடுவில் கிண்ணம்போல் குவிந்து நீரைத் தேக்கிக்கொள்ளும் வகை. கிண்ணத்து நீரை அடிக்கடி கவிழ்த்துப் புதுநீர் விடாவிட்டால் கொசுதான் மிஞ்சும்; டெங்கு பரவும் ஊரில் இதில் அலட்சியம் கூடாது. செந்நிறப் பூங்கொத்து மாதக்கணக்கில் நின்றது. பின்பு இலைகள் நுனியிலிருந்து பழுக்கத் தொடங்கின. இதையும் கொன்றுவிட்டேன் என்றே எண்ணினேன்.

2018இல் காக்கா கண்புரை அறுவைக்காகச் சென்னை வந்து எங்கள் வீட்டில் தங்கினார். கட்டு அவிழ்த்த பின் ஒருநாள் பால்கனிக்கு வந்து, ஒன்றும் பேசாமல் கற்றாழைச் சட்டியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"எப்போ தண்ணி ஊத்தினே?"

"பதினைந்து நாளாச்சு, காக்கா."

தலையசைத்தார். வாடிய புரோமீலியாடை நான் வெட்டி எறியப்போவதாகச் சொன்னதும், குனிந்து அடியிலைகளை விலக்கிக் காட்டினார். விரல் நீளத்தில் இரண்டு கன்றுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "இதுவும் அன்னாசி சாதிதானே. ஒரு தடவை பூத்தா தாய் அவ்வளவுதான். ஆனா இப்பவே பிரிச்சுடாதே. தாயிலே பாதி உயரம் வரட்டும். அதுவரைக்கும் அதுகிட்டேயே இருக்கட்டும்" என்றார்.

ஒன்பது நாள் தங்கினார். அறையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கன்றுகள் பாதி உயரம் வர எட்டு மாதமாயிற்று. தாய் அதற்குள் முற்றிலும் காய்ந்துவிட்டது. இரண்டையும் கத்தியால் பிரித்து, வெட்டுவாய் உலரவிட்டு, ஒன்றை இங்கே நட்டேன். மற்றதைச் செய்தித்தாளில் சுற்றி ஊருக்குப் போகும் பையனிடம் கொடுத்தேன். தாளின் ஓரத்தில் எழுதினேன்: "நடுக்கிண்ணத்தில் தண்ணீர் விடவும். மூன்று நாளைக்கு ஒருமுறை கவிழ்க்கவும், கொசு வரும்."