தூண்டிலுக்கு 28 ஆயிரம்!

ஒரு கிலோ ஜிலேபிக் கெண்டை பிடிப்பதற்கு ஒரு மனிதர் எவ்வளவு பணம் செலவழிக்கலாம்? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வியை என்னிடம் உண்மையாகவே ஒருவர் கேட்டார். அவர் என் மைத்துனரின் மனைவி. கேட்டபோது அவர் கையில் சில ரசீதுகளும், கண்களில் நீரும் இருந்தன.

என் மைத்துனர் 12 ஆண்டுகள் ஷார்ஜாவில் உழைத்துவிட்டு, இனிப் பயணம் இல்லை என்ற முடிவோடு ஊர் திரும்பியவர். கடை வைப்பதா, லாரியில் பங்கு சேர்வதா என்று குடும்பம் முழுவதும் யோசித்துக்கொண்டிருக்க, அவரோ வாரத்துக்கு ஒரு பார்சலாக மீன்பிடி சாதனங்களைத் தருவித்துக்கொண்டிருந்தார். அங்கே கடற்கரையில் வார விடுமுறை நாட்களில் நண்பர்களோடு தூண்டில் போட்ட பழக்கம். தனிமையில் வாழ்ந்த மனிதருக்கு அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்திருக்கிறது. அது எனக்குப் புரியாமலில்லை. ஆனால் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் 28,000 ரூபாய்!

"அண்ணே, மூத்தவளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாசம் இது. நீங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க" என்றார் அந்தச் சகோதரி.

வீண்விரயம் பற்றி ஒரு சொற்பொழிவையே மனத்துக்குள் தயாரித்துக்கொண்டு நான் புறப்பட்டேன். அந்தச் சொற்பொழிவை இன்றுவரை நான் நிகழ்த்தவில்லை. ஏன் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எங்கள் புதுச்சத்திரத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். மேட்டு நிலம், மரவள்ளி, கோழிப்பண்ணை. ஆற்றுப் பாசனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காவிரியைப் பார்க்க வேண்டுமானால் மோகனூருக்கோ, வேலூருக்கோ 30 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வேலூர் என்றால் எங்களுக்குப் பரமத்தி வேலூர்தான். ஆகவே எங்கள் ஊர்த் தூண்டில்காரன் என்பவன் மழையை நம்பி, ஏரி நிறைவதற்காகக் காத்திருப்பவன். நிறைந்த ஏரியையும் குத்தகைக்கு விட்டிருந்தால், குத்தகைதாரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் கரையில் உட்கார வேண்டும்.

எனக்குத் தூண்டில் கற்றுக்கொடுத்தவர் என் அத்தா. ஒரு கல்மூங்கில் கழி, நாலு முழம் தங்கூசி, ஒரு முள், ஒரு ஈயத் துண்டு, சோளத்தட்டையின் நெட்டியில் ஒரு தக்கை. இவ்வளவுதான் சாதனம். இரை மண்புழு. கெளுத்தி வேண்டுமென்றால் கோழிக்குடல். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே கிடையாது. இந்தக் கழியோடு 50 ஆண்டுகளைக் கழித்தவன் 28,000 ரூபாய் ரசீதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

போனேன். கட்டில் முழுவதும் பரப்பி வைத்திருந்தார். கார்பன் இழையால் செய்த இரண்டு ராடுகள், இரண்டு ரீல்கள், மழைக்கோட்டு, மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, பலவகை நரம்புகள், முள் பெட்டிகள். நான் வாயைத் திறக்குமுன்பே, "மச்சான், நீங்க திட்டத்தான் வந்திருக்கீங்க. நாளைக்கு ஒரு நாள் என்கூட ஏரிக்கு வாங்க. அப்புறம் திட்டுங்க" என்றார். சரி என்றேன். அன்றைக்குத் தொடங்கி ஏழெட்டு வாரங்கள் அவரோடு போனேன். சில பொருள்களில் நான் தோற்றேன். அதை மறைப்பது நேர்மையாகாது.

முதலில் அந்தக் கறுப்புக் கண்ணாடி. வெறும் பகட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அணிந்து பார்த்தபோது வியந்துபோனேன்! நீரின் மேல் கண்ணைக் கூசவைக்கும் பளபளப்பு மறைந்து, அடியில் கிடக்கும் கல்லும், அசையும் பாசியும், ஓரமாக நகரும் கெண்டையின் முதுகும் தெரிந்தன. சூரிய ஒளி நீரில் பட்டுத் தெறிக்கும்போது அதன் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாக அமைகிறதாம். போலராய்டு கண்ணாடி அந்த அதிர்வை மட்டும் தடுத்துவிடுகிறது. அமெரிக்கரான எட்வின் லேண்ட் இதற்கான தகட்டை 1929-ல் கண்டுபிடித்தார். ஆனால் ஒன்று கவனியுங்கள்: அந்த வேலையைச் செய்வது தகடுதானே தவிர, காதோரம் பொறித்திருக்கும் பெயரல்ல. சில நூறு ரூபாய்க் கண்ணாடியிலும் அதே தகடு இருக்கிறது. கடையில் சோதிக்க வழி உண்டு. கால்குலேட்டரின் எண்கள் தெரியும் பகுதிக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் எண்கள் இருண்டு மறைந்தால் அது உண்மையான போலராய்டு. கலங்கிய ஏரியில் மட்டும் எந்தக் கண்ணாடியும் உதவாது.

அடுத்து முள். நார்வே நாட்டின் முஸ்டாட் நிறுவனம் 1877-லிருந்து முள் செய்துவருகிறது. நல்ல முள்ளும் மட்டமான முள்ளும் விலையில் சில ரூபாய்தான் வேறுபடும். மீன் மாட்டுவதும் நழுவுவதும் அந்தச் சில ரூபாயில் இருக்கிறது. முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிய முள். நகத்தைப் பற்றிக்கொண்டால் கூரிய முள். 28,000 ரூபாயில் மிகக் குறைவான தொகை இதற்குத்தான் போயிருந்தது!

நரம்பும் அப்படியே. விலையுயர்ந்த நைலானை வாங்கி வண்டியின் முன்கண்ணாடி அருகே வெயிலில் போட்டுவைத்தால், அது கெட்டுப்போவதற்குச் சேலத்து வெயில் போதும். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்காவிட்டால் உராய்வின் சூட்டில் எந்த நரம்பும் பலம் இழக்கும். என் அத்தா நனைத்துத்தான் இறுக்குவார். காரணம் அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ!

இனி நான் வென்ற பொருள்கள். அந்த மழைக்கோட்டு 7,000 ரூபாய். வெளியேயுள்ள மழையை உள்ளே விடாது, உள்ளேயுள்ள வியர்வையை ஆவியாக வெளியே விட்டுவிடும் என்ற பெருமைக்குரிய துணி. அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் 1969-ல் கண்டறிந்த முறையிலிருந்து பிறந்த வகை. பொய்யில்லை, அப்படித்தான் வேலை செய்கிறது, குளிர் நாட்டில்! உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே குளிர்ந்திருந்தால்தான் ஆவி வெளியேறும். நம் சமவெளியில் வெளியும் உள்ளும் ஒரே வெக்கை. ஒரு புரட்டாசி மாலை தூறலில் அதை அணிந்து அமர்ந்த என் மைத்துனர், மழையில் நனையாமல் வியர்வையில் நனைந்தார். நான் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

கார்பன் ராடு இறகு போல இலேசானது, மீன் இரையைத் தொடுவது கைக்குத் தெரியும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஏரிக்கரைகளின் மேல் மின்கம்பிகள் எவ்வளவு தாழ்வாகத் தொங்குகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நீண்ட ராடை நிமிர்த்திப் பிடித்தபடி கம்பிக்கு அடியில் நடப்பதும், இடி இடிக்கும்போது அதைக் கையில் பிடித்திருப்பதும் உயிரோடு விளையாடுவதாகும். இதை என் மைத்துனரே அறிந்திருக்கவில்லை. ராடின் அடியில் சிறு எழுத்தில் எச்சரிக்கை இருந்தது, நான்தான் மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்துச் சொன்னேன். கண்ணாடியிழை ராடு சற்றுக் கனமானது, மலிவானது, மின்சாரத்தைக் கடத்தாது.

ரீலில் பணம் எதற்குப் போகிறது தெரியுமா? பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துபோகாமல், அளவோடு விட்டுக்கொடுக்கும் 'பிரேக்'குக்கு. அது வழுவழுப்பாக இயங்கவேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு விலை. இத்தகைய சாதனம் தேவைப்பட்ட மீன் நம் காவிரியில் ஒரு காலத்தில் இருந்தது. மஹசீர் என்பார்கள். சென்னை மாகாண சிவில் அதிகாரி எச்.எஸ்.தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். மைசூரின் வான் இன்ஜன் குடும்பத்தவர் ஒருவர் 1946-ல் கபினி ஆற்றில் 120 ராத்தல் எடையுள்ள மஹசீரைப் பிடித்தார். அதற்கு எதிராக என் கல்மூங்கில் ஒரு தீக்குச்சி! ஆனால் காவிரிப் படுகைக்கே உரிய அந்தத் திமில் மஹசீர், அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று 2018-ல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. இன்று எங்கள் ஏரியில் இருப்பது என்ன? 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டை. உள்ளங்கை அளவு இருக்கும். அதற்கு எந்த பிரேக்கும் வேண்டாம்.

இதையெல்லாம் கணக்குப் போட்டு, என் சொற்பொழிவை மறுபடியும் கூர்தீட்டி வைத்திருந்த நேரத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மோகனூர். மேட்டூரில் நீர் திறந்து காவிரி இரு கரையும் தொட்டு ஓடாவிட்டாலும், ஓரளவு நிறைந்திருந்த சமயம். என் மைத்துனர் அன்றுதான் முதன்முறையாக அந்த ரப்பர் கால்சட்டையை அணிந்தார். இடுப்பு வரை தண்ணீரில் நின்று தூரமாக வீசலாம் என்பது அவர் எண்ணம். நான் கரை மணலில் என் கழியோடு இருந்தேன். ஆற்று மணல் அள்ளப்பட்ட இடங்களில் ஆளை விழுங்கும் குழிகள் இருக்கின்றன. மேலே தண்ணீர் மட்டமாக, சாதுவாகத்தான் தெரியும். கலங்கல் நீரில் அந்தக் கறுப்புக் கண்ணாடியும் பயன்படவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தார். ஆள் இல்லை.

தலை மேலே வந்தது. மீண்டும் மறைந்தது. கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்து நிறைந்துவிட்டது. அந்தத் தண்ணீர் மனிதனை அடிக்கு இழுப்பதில்லை என்று பின்னால் படித்தேன். ஆனால் காலை உதைக்க விடாது, மேலே ஏறவும் விடாது. இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுகக் கட்டியிருந்தால் தண்ணீர் புகுவது தாமதமாகும். பெட்டிக்குள்ளேயே அந்த பெல்ட் இருந்தது. அவர் கட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு நீச்சல் சரியாக வராது. மணலில் குப்புறப் படுத்துக் கழியை நீட்டினேன். இரண்டு கை தூரம் குறைந்தது. அந்த இரண்டு கை தூரத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. நான் எழுப்பிய கூச்சலில், சற்று மேலே பரிசலில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் பரிசலைச் சுழற்றிக்கொண்டு வந்து, துடுப்பை நீட்டி, பரிசலின் விளிம்பைப் பற்றச் செய்து, மெல்லக் கரை சேர்த்தார். அல்ஹம்துலில்லாஹ்! ராடும் ரீலும் காவிரியோடு போயின. அந்தப் பரிசல்காரர் எங்களிடம் ஒரு பைசா வாங்க மறுத்துவிட்டு, "குழி இருக்கற எடம்னு எங்களக் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

கரையில் கிடந்த என் மைத்துனர் பேசிய முதல் வார்த்தை ராடைப் பற்றியதல்ல. "மச்சான், வீட்டுல சொல்லிடாதீங்க."

நான் சொல்லிவிட்டேன். அன்றிரவே சொல்லிவிட்டேன். அந்தச் சகோதரி அழவில்லை, ஏசவுமில்லை. ரசீதுகளை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இத்தனை வாங்கினாங்களே, மிதக்கறதுக்கு ஒண்ணு வாங்கலையா?" என்று கேட்டார்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. 28,000 ரூபாய் செலவழித்தவரும், செலவே செய்யாதே என்று சொல்ல வந்தவனும் ஒரே தவற்றைத்தான் செய்திருந்தோம். நாங்கள் இருவரும் மீனைப் பற்றியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் ஒரு மிதவை அங்கி வாங்கினார். விலை 1,600 ரூபாய். தண்ணீரில் ஒரு மனிதனின் தலையை மேலே வைத்திருக்க நான்கைந்து கிலோ தாங்கும் விசை போதுமானது. 50 நியூட்டன் என்று அச்சிட்ட அங்கி நீந்தத் தெரிந்தவர்களுக்கு. நீந்தத் தெரியாதவர்கள் 100 அல்லது அதற்கு மேல் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். உடலுக்குச் சரியான அளவா என்று பார்க்க, மாட்டிக்கொண்டு தோள்பட்டையைப் பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். முகவாயைத் தாண்டி ஏறினால் அது பெரியது.

கல்லூரிக் கட்டணத்துக்காக மழைக்கோட்டும், எஞ்சியிருந்த ராடும் ரீலும் பாதி விலைக்குப் போயின. மழைக்கோட்டை வாங்கியவர் ஏற்காட்டில் வேலை பார்ப்பவர். அவருக்கு அது மிகவும் பிடித்திருக்கிறதாம். ரப்பர் கால்சட்டை மாடியில் கொடியில் தொங்குகிறது. காக்கை விரட்ட உதவுகிறது. கண்ணாடியையும் முள் பெட்டிகளையும் அவர் விற்கவில்லை. இப்போது என்னைப்போல் ஒரு மூங்கில் கழியோடுதான் வருகிறார்.

எனக்கும் ஓர் அங்கி வாங்கிக் கொடுத்திருக்கிறார். 100 நியூட்டன், நல்ல ஆரஞ்சு நிறம். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அதை மாட்டிக்கொண்டு, என் அத்தாவின் காலத்துக் கழியோடு ஏரிக்கரையில் அமர்ந்தேன். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரையில் வரிசையாக நின்று சிரித்தார்கள். அன்றைக்கு நான்கு கெண்டை கிடைத்தது.